விழுகிற பல்லுக்கு எதற்கு வைத்தியம்? செட்டிநாட்டுப் பெற்றோர் படும் பாடு

என் மகனுக்கு ஐந்து வயது நடக்கும்போது கீழ்வரிசைக் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. கோட்டையூரிலிருந்து காரைக்குடி பக்கம்தான். ஒரே வாரத்தில் மூன்று பல் மருத்துவர்களைப் பார்த்துவிட்டோம். முதலாமவர், "பால் பல்தானேம்மா, எடுத்துடலாம், 500 ரூபாய் ஆகும்" என்றார். இரண்டாமவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, வேர் சிகிச்சை செய்து கேப் போட வேண்டும், 4,500 ஆகும் என்றார். மூன்றாமவரால் பையனை வாய் திறக்க வைக்கவே முடியவில்லை. "இவன் ஒத்துழைக்க மாட்டேங்குறான், மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்தால் என் மாமியார், "ஏத்தா, விழுந்து முளைக்கிற பல்லுக்குப் போயி எதுக்கு இம்புட்டு அலைச்சல்?" என்று கேட்டார்.

நாலு பேர், நாலு பேச்சு. அன்று எனக்கு வந்தது கோபம் மட்டும்தான். யாரோ ஒருவர் என்னை ஏமாற்றுகிறார், அது யார் என்று தெரியவில்லையே என்ற கோபம். அந்த மூன்று மருத்துவர்களில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை என்பது புரிய வெகுநாள் ஆனது. இப்போது மகனுக்குப் பதினொரு வயது. இடையில் கேட்டதும் படித்ததும் கண்ணால் பார்த்ததும் நிறைய. பள்ளி வாசலில் நிற்கும்போது வேறு அம்மாக்கள் அதே கேள்விகளைக் கேட்பதால், தெரிந்ததை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

இடம் பிடித்து வைக்கும் பல்

பால் பற்கள் மொத்தம் 20. ஆறு மாத வாக்கில் முதல் பல் எட்டிப் பார்க்கும். இரண்டரை, மூன்று வயதுக்குள் இருபதும் வந்துவிடும். ஆறு, ஏழு வயதில் முன்பற்கள் ஆடி விழுவதை எல்லோரும் பார்க்கிறோம். அதனால் பால் பல் என்றாலே ஆறு வயதில் விழுந்துவிடும் என்று மனதில் பதிந்துபோகிறது. கடைவாயில் இருக்கும் பால் பற்களோ பத்து, பதினொன்று, சில பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. ஐந்து வயதில் சொத்தையான கடைவாய்ப் பல் இன்னும் ஐந்தாறு வருடம் சோறு மெல்ல வேண்டிய பல் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மெல்லுவதைவிடப் பெரிய வேலை ஒன்றும் அதற்கு உண்டு. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, பின்னால் வரப்போகும் நிரந்தரப் பல்லுக்கு அது இடம் பிடித்து வைத்திருக்கிறது. ஆறு வயதில், பால் பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கும். எதுவும் விழாமல் வருவதால் அதையும் பால் பல் என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது ஆயுள் முழுவதும் இருக்க வேண்டிய நிரந்தரப் பல். முன்னால் இருக்கும் பால் பல்லை அவசரப்பட்டு எடுத்துவிட்டால், இந்தப் பெரிய பல் அந்தக் காலி இடத்துக்குள் சாய்ந்து நகர்ந்து வந்துவிடும். துண்டை எடுத்துவிட்டார்கள், பக்கத்துச் சீட்டுக்காரர் நகர்ந்து உட்கார்ந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து, பதினொரு வயதில் வரவேண்டிய பல் அப்புறம் இடமில்லாமல் கோணலாக வரும், இல்லாவிட்டால் ஈறுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். பதிமூன்று வயதில் கம்பி போட வேண்டிய செலவுக்கு இதுவும் ஒரு காரணம். எடுத்தே ஆக வேண்டிய நிலையில், அந்த இடைவெளி மூடாமல் பார்த்துக்கொள்ள ஒரு கம்பி வளையம் பொருத்துவார்கள். ஐந்து வயதில் கடைவாய்ப் பல்லை எடுக்கச் சொல்லும் மருத்துவரிடம், "இடம் மூடாம இருக்க என்ன செய்வீங்க டாக்டர்?" என்று கட்டாயம் கேளுங்கள். நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே அன்று தெரியாது.

இதற்காகப் பல்லை எடுப்பதே தப்பு என்று நினைத்துவிடக் கூடாது. ஒன்பது, பத்து வயதில், இன்னும் சில மாதத்தில் தானாக விழப்போகும் பல்லுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்யத் தேவையில்லை. வேரே அரித்துப்போன பல்லையும் காப்பாற்ற முடியாது. மேல்வரிசை முன்பற்கள் சீக்கிரம் போனாலும் பொதுவாக இடம் பெரிதாகச் சுருங்குவதில்லை. வயது என்ன, எந்தப் பல், வேர் எப்படி இருக்கிறது, இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். மாமியார் சொன்னது ஒரு பல்லுக்குச் சரி, பக்கத்துப் பல்லுக்குத் தப்பு.

பால் பல்லின் மேற்பூச்சு நிரந்தரப் பல்லினுடையதைவிட மெல்லியது. உள்ளே நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் அறையோ, பல்லின் அளவுக்குப் பெரியது. அதனால் தீபாவளிக்குக் கரும்புள்ளியாகத் தெரிந்தது பொங்கலுக்குள் நரம்பைத் தொட்டுவிடலாம். "போன மாசம் நல்லாத்தானே இருந்துச்சு" என்று ஒவ்வொரு அம்மாவும் சொல்வதற்கு இதுதான் காரணம். கவனிக்கவில்லை என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். சொத்தை அடியில் சீழ் வைத்து நாள்பட்டால், கீழே உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் மேற்பூச்சுகூடக் கெட்டுப்போகலாம்.

ஒரே பல், மூன்று தீர்ப்பு

சொத்தை மேலோட்டமாக இருந்தால் சுரண்டி அடைத்தால் போதும். நரம்பின் மேல்பகுதியை மட்டும் தொட்டிருந்தால், அந்த மேல்பகுதியை மட்டும் எடுத்துவிட்டு மருந்து வைத்து மூடலாம். வேர் வரை போயிருந்தால் முழு வேர் சிகிச்சை. இந்த எல்லைகள் கோடு போட்டதுபோல இருக்காது. ஒரே எக்ஸ்ரேயை இரண்டு நல்ல மருத்துவர்கள் பார்த்து இரண்டு முடிவுக்கு வர முடியும். அப்புறம் பிள்ளை எவ்வளவு நேரம் வாய் திறந்து உட்காரும், பெற்றோரால் எத்தனை தடவை வர முடியும், மருத்துவருக்கு எந்தச் சிகிச்சை கைபழகியது, இதெல்லாமும் அந்த முடிவில் கலந்திருக்கும். தவறு, காரணத்தைச் சொல்லாமல் தொகையை மட்டும் சொல்வதில் இருக்கிறது. 500 என்பதும் 4,500 என்பதும் காதில் விழுந்தால், நமக்குத் தெரிவது அந்த 4,000 ரூபாய் வித்தியாசம் மட்டும்தான்.

"பெரியவங்களுக்குப் பண்ற ரூட் கெனாலைப் போய் பச்சைப் பிள்ளைக்குப் பண்ணச் சொல்றாங்களே" என்ற பயம் எனக்கும் இருந்தது. பெயர் ஒன்றாக இருந்தாலும் வேலை வேறு. பால் பல் விழும் நேரம் வரும்போது அதன் வேர் தானாகக் கரையும். அதனால் பால் பல்லின் வேருக்குள், வேரோடு சேர்ந்து கரையக்கூடிய பசையைத்தான் வைக்கிறார்கள். மேலே மாட்டும் வெள்ளிநிறக் கேப் துருப்பிடிக்காத எஃகு. அளவு அளவாக முன்பே செய்து வைத்திருப்பதில் பொருந்துவதை எடுத்து மாட்டுவார்கள், பெரியவர்களுக்குப் போல அச்செடுத்து லேபுக்கு அனுப்புவதில்லை. சிகிச்சை செய்த பல் உள்ளீடற்ற பானைபோல ஆகிவிடுவதால், கேப் இல்லாமல் விட்டால் உடைந்துபோகும். பல் விழும்போது கேப்பும் அதோடு சேர்ந்து விழுந்துவிடும், தனியாகக் கழற்ற வேண்டியதில்லை.

எனவே எக்ஸ்ரே எடுத்தால் அதைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். சொத்தை எங்கே முடிகிறது, நரம்பு எங்கே தொடங்குகிறது, அடியில் நிரந்தரப் பல் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் படத்தில் அடியில் புதைந்திருக்கும் நிரந்தரப் பல்லைப் பார்த்த நிமிடம்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. மொட்டு மாதிரி, பால் பல்லின் இரண்டு வேர்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. அதைக் காட்டிப் பேச இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம் தரும் மருத்துவர் எந்தச் சிகிச்சையைச் சொன்னாலும் நம்பிப் போகலாம் என்பது என் அனுபவம்.

நேரம்தான் கிடைப்பதில்லை

காரைக்குடியில் பல் மருத்துவமனைக்குப் பஞ்சமில்லை. தேவகோட்டையிலும் உண்டு. பிறகு ஏன் நம்மால் பிள்ளைக்கு நல்ல வைத்தியம் தேட முடியவில்லை? பஞ்சம் நேரத்துக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெரியவர் ஒருவருக்குப் பல் அடைக்க அரை மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் வந்து உட்காருவார், வாய் திறப்பார், பணம் கொடுத்துப் போவார். அதே வேலையை நாலு வயதுப் பிள்ளைக்குச் செய்ய, முதலில் அது அந்த நாற்காலியில் ஏற வேண்டும். அந்த விளக்கைப் பார்த்துப் பயப்படாமல் இருக்க வேண்டும். அதற்கே ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். மருத்துவர் வாங்கும் கட்டணமோ அடைத்த பல்லுக்குத்தான், சமாதானப்படுத்திய நேரத்துக்கு இல்லை. வாடகையும் நாற்காலி வாங்கிய கடன் தவணையும் கட்டும் சின்ன மருத்துவமனையில், மாலை ஆறு மணிக்கு மேல் கூட்டம் நிற்கும்போது அழுகிற பிள்ளைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்வது எளிதல்ல. கல்யாணத்துக்கும் கோயில் காரியத்துக்கும் வெளிநாட்டிலிருந்து வந்து, ஊர் திரும்புவதற்குள் எல்லாப் பல்லையும் சரிசெய்துகொண்டு போகிறவர்களும் அதே வரிசையில்தான் இருப்பார்கள். "மதுரைக்குப் போங்க" என்ற வார்த்தைக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இந்தக் கணக்கு.

நேரம் கொடுக்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டேன். வலி பொறுக்காமல், பல்லை எடுத்தே விடலாம் என்று ஓரிடத்தில் சம்மதித்தோம். ஒருவர் கையைப் பிடித்தார், ஒருவர் காலை, நான் தலையை. ஊசி போடுவதற்குள் அவன் வாந்தி எடுத்துவிட்டான். பல் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதம், காலையில் பல் விளக்கும் பிரஷ்ஷைப் பார்த்தாலே வாயை இறுக மூடிக்கொண்டான். நான் அவன் தலையைப் பிடித்தது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அப்புறம் தெரிந்தவர் ஒருவர் சொல்லி, சனிக்கிழமை மட்டும் வெளியூரிலிருந்து வந்து பார்க்கும் குழந்தைப் பல் மருத்துவரிடம் போனோம். அந்தம்மா முதல் நாள் எந்தக் கருவியையும் வாய்க்குள் விடவில்லை. காற்று ஊதும் குழாயை அவன் விரல் நகத்தின் மேல் ஊதிக் காட்டினார். அவன் கையிலேயே கொடுத்து, தன் நகத்தின் மேல் ஊதச் சொன்னார். சின்னக் கண்ணாடியைப் பிடிக்கக் கொடுத்தார். பிறகு, "உனக்கு எத்தனை பல்லுன்னு எண்ணலாமா தம்பி?" என்று கேட்டு, ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினார். பன்னிரண்டுக்கு மேல் அவனும் கூடச் சேர்ந்து எண்ணினான், வாய் திறந்தபடியே. இருபது வந்ததும் இறங்கிவிட்டான். அவ்வளவுதான். 300 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். இரவு போனில் சொன்னதற்கு என் கணவர், "எண்ணிப் பாக்குறதுக்கு 300 ரூபாயா?" என்றார்.

அந்த எண்ணிக்கைதான் சிகிச்சை என்று இப்போது சொல்வேன். முதலில் சொல்வது, பிறகு காட்டுவது, அதன் பிறகே செய்வது என்பது குழந்தைப் பல் மருத்துவத்தின் அரிச்சுவடி. 1950களின் கடைசியிலேயே அமெரிக்காவில் பெயர் வைத்து எழுதப்பட்ட முறை அது. மூன்றாவது சனிக்கிழமை, "பல்லைத் தூங்க வைக்கிற மருந்து" என்று சொல்லி மரத்துப்போகும் ஊசியைப் போட்டார். அவன் என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஒரு தடவை அவன் கால்விரல்கள் மடங்கின, பிறகு விரிந்தன. அழவில்லை. பல்லை எடுக்காமலே சரிசெய்து கேப் மாட்டிவிட்டார் டாக்டரம்மா. அறை முழுக்கக் கிராம்பு வாசனை. வலிக்கிற பல்லுக்கு அப்பத்தா வைத்துவிடுகிற அதே கிராம்பின் எண்ணெயிலிருந்து கிடைக்கும் பொருளைத்தான் பல் மருந்திலும் கலக்கிறார்கள் என்று மருத்துவர் சொன்னார்.

இங்கே பெற்றோராகிய நம் பங்கும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. "சேட்டை பண்ணுனா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போட்ருவேன்" என்று வருடம் முழுக்கச் சொல்லி வளர்த்துவிட்டு, ஒரு நாள் அதே டாக்டரிடம் வாயைத் திற என்றால் பிள்ளை எப்படித் திறக்கும்? "ஒண்ணுமே பண்ண மாட்டாங்க, சும்மா பாக்கத்தான்" என்று பொய் சொல்லிக் கூட்டிப் போவதும் அப்படித்தான். ஒரு தடவை ஏமாந்த பிள்ளை அடுத்த தடவை நம்பாது. என்ன செய்வார்கள் என்று தெரியாவிட்டால், "எனக்கும் தெரியலப்பா, டாக்டர் சொல்வாங்க, நான் பக்கத்துல இருப்பேன்" என்று சொன்னால் போதும். சில மருத்துவர்கள் பெற்றோரை வெளியே இருக்கச் சொல்வார்கள். அம்மா இருந்தால் பிள்ளையின் கவனம் சிதறும் என்பது அவர்கள் பக்கம். சிலர் கூடவே இருக்கச் சொல்வார்கள். மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளையை அம்மா மடியில் படுக்க வைத்தே பார்ப்பார்கள். இரண்டும் வழக்கத்தில் இருப்பவை. எது என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டால், கதவு மூடும்போது பதறாமல் இருக்கலாம்.

பல்கலைக்கழகம் கட்டிய மண்

குழந்தைப் பல் மருத்துவம் தனிப் படிப்பு. பி.டி.எஸ். என்பது நாலு வருடப் படிப்பும் ஒரு வருடப் பயிற்சியும். அதற்கு மேல் மூன்று வருடம் எம்.டி.எஸ். அதில் பல பிரிவுகள் உண்டு, குழந்தைகளுக்கானது அவற்றில் ஒன்று. அப்படிப் படித்தவர் சின்ன ஊரில் குழந்தைகளுக்கு மட்டும் என்று தனி மருத்துவமனை வைத்து நடத்துவது கடினம். அதனால் நகரத்தில் இருந்துகொண்டு, வாரத்தில் ஒரு நாள் இந்த ஊர், ஒரு நாள் அந்த ஊர் என்று போய்வருகிறார்கள். பல்வலிக்குச் சனிக்கிழமை என்று தெரியுமா? செவ்வாய்க்கிழமை ராத்திரிதான் வரும். இரண்டு, மூன்று வயதில் ஏழெட்டுப் பல் சொத்தையான பிள்ளைக்கு மயக்கம் கொடுத்து ஒரே தடவையில் எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டியிருக்கும். அதற்கு மயக்க மருத்துவரும் அறுவை அரங்கும் வேண்டும். மதுரையோ திருச்சியோ, எதுவானாலும் காரைக்குடியிலிருந்து 90 கிலோமீட்டர் சுமார்.

இதை எழுதும்போது ஒரு ஆதங்கம். கானாடுகாத்தானைச் சேர்ந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் 1929-இல் பல்கலைக்கழகம் கண்டார். அங்கேதான் 1980-இல் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி வந்தது. எங்கள் கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் பாலர் பள்ளியிலிருந்து பொறியியல் கல்லூரி வரை கட்டினார். மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். செட்டிநாட்டுப் பணத்தில் எழுந்த பல் மருத்துவக் கல்லூரிக்குச் செட்டிநாட்டுப் பிள்ளையைக் கூட்டிப் போவதென்றால் ஒரு நாள் பயணம்.

நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. நீண்ட காலம் தமிழ்நாட்டில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி என்றால் சென்னை மட்டும்தான். பிறகு சிதம்பரம் கல்லூரி அரசிடம் வந்தது. 2023-இல் புதுக்கோட்டையில் மூன்றாவது கல்லூரி திறக்கப்பட்டது. காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை சுமார் 40 கிலோமீட்டர், கானாடுகாத்தான், ராயவரம் பக்கத்துக்காரர்களுக்கு இன்னும் கிட்டம். பல் மருத்துவக் கல்லூரி என்றால் குழந்தைகளுக்கென்று தனித் துறை இருக்கும். பயிற்சி மாணவர்கள் இருப்பதால் ஒரு பிள்ளைக்குக் கூடுதல் நேரம் கிடைக்க வாய்ப்பு உண்டு. காலையில் போக வேண்டும், காத்திருக்க வேண்டும், இரண்டு மூன்று தடவை வரச் சொல்வார்கள். 4,500 ரூபாய் புரட்ட முடியாத வீட்டுக்கு அது பெரிய வழி.

பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவையும் லேசாக எண்ண வேண்டாம். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில், அங்கன்வாடிக்கும் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிக்கும் வந்து, பிறந்ததிலிருந்து 18 வயது வரை பரிசோதிக்கிறார்கள். அவர்கள் பார்க்கும் 30 வகைக் குறைகளில் பல்லும் ஒன்று. சொத்தை இருந்தால் எழுதிக் கொடுத்து மேலே அனுப்புவார்கள். அந்தச் சீட்டு பெரும்பாலும் புத்தகப் பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். கிடைத்தால் எடுத்துக்கொண்டு போங்கள். அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவு காலையில்தான் என்பதும், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும் என்பதும் உண்மையான கஷ்டம். அதற்கு நம் பக்கம் மருந்து இல்லை. மாலை நேரத்தில் வாரம் ஒரு நாளாவது குழந்தைப் பல் பிரிவு நடந்தால் எத்தனையோ பேர் வருவார்கள்.

போனில் எடுக்கும் முடிவு

வேறெங்கும் அதிகம் பேசாத ஒரு சங்கதி நம் பக்கம் உண்டு. இங்கே நிறைய வீடுகளில் அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிறார். அம்மா தனியாகப் பிள்ளையைக் கூட்டிப் போகிறாள். மருத்துவர் சொல்லும்போது மணி எட்டு, சிங்கப்பூரில் பத்தரை. வேலை முடிந்து தூங்கியிருப்பார். "அவுகளைக் கேட்டுச் சொல்றேன் டாக்டர்" என்று எழுந்து வந்துவிடுகிறோம். வலிக்கு மருந்துக் கடையில் ஒரு சிரப். வலி நின்றதும் பேச்சும் நின்றுவிடுகிறது. மருந்து வலியை அமர்த்தும், வீக்கத்தைக் கொஞ்சம் வற்ற வைக்கும், ஆனால் கிருமி உட்கார்ந்திருக்கும் பல் அப்படியே இருக்கிறது. இரண்டு மாதத்தில் திரும்ப வரும், போன தடவையைவிட மோசமாக. நான் செய்தது இது: எக்ஸ்ரே படத்தை மருத்துவர் விரல் வைத்துக் காட்டும்போதே, அனுமதி கேட்டுப் போனில் பதிவு செய்து என் கணவருக்கு அனுப்பினேன். பத்து தடவை நான் சொல்லிப் புரியாதது, அந்த ஒரு நிமிடப் படத்தில் அவருக்குப் புரிந்தது.

கன்னம் வீங்கிக் காய்ச்சல் அடித்தால், வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் போனால், யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். ராத்திரியானாலும் பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மனகோலமும் பிஸ்கட்டும்

பல் கெட்டால் ஆச்சி, அப்பத்தாக்கள் செய்யும் பலகாரத்தின் மேல் பழி விழுகிறது. அது நியாயமில்லை. பல்லைக் கெடுப்பது இனிப்பின் அளவைவிட, எத்தனை தடவை என்பதுதான். ஒவ்வொரு தடவை இனிப்போ மாவோ வாயில் போனதும், அங்கே இருக்கும் கிருமிகள் அதை அமிலமாக்குகின்றன. எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். தீபாவளிக்கு நாலு மனகோலம் ஒரே மூச்சில் தின்றுவிட்டு வாய் கொப்பளிக்கும் பிள்ளையைவிட, ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டைச் சாயங்காலம் முழுக்கக் கொறிக்கும் பிள்ளைக்குத்தான் ஆபத்து அதிகம். மனகோலம் வெல்லப்பாகோடு பல் இடுக்கில் ஒட்டும், அது உண்மை. அதனால் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள், இடையில் வேண்டாம். பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் பிள்ளைக்கு மேல்வரிசை முன்பற்கள் முதலில் போகும், ஏனென்றால் தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைந்துவிடுகிறது.

காலையில் பல் விளக்காமல் பச்சைத் தண்ணிகூடக் கொடுக்க மாட்டோம், அவ்வளவு கண்டிப்பான ஊர் இது. இரவில் மட்டும் விளக்குவதில்லை. பல்லைக் காப்பாற்றும் ஒரே வேளை எது என்று கேட்டால் அந்த இரவு வேளையைத்தான் சொல்வார்கள். ஏழு, எட்டு வயது வரை அம்மாவோ அப்பாவோதான் விளக்கிவிட வேண்டும், பிள்ளையின் கைக்கு அந்தத் திறமை அப்போது வராது. புளோரைடு உள்ள பேஸ்ட், மூன்று வயது வரை அரிசியளவு, அதற்கு மேல் பட்டாணியளவு. விளம்பரத்தில் காட்டுவதுபோல பிரஷ் முழுக்க வேண்டாம்.

பூச்சி என்ற சொல்லையும் விட்டுவிடலாம். பல்லில் பூச்சி எதுவும் இல்லை. கண்டங்கத்திரி விதைப் புகை காட்டி, வாயிலிருந்து புழு விழுந்ததாகத் தட்டில் காட்டுவார்கள். பல்லுக்குள் குடியிருக்கும் புழு என்று ஒன்று கிடையாது, புகையில் வலி சற்று மரத்தாலும் சொத்தை நிற்பதில்லை. மேல்பல்லில் கை வைத்தால் கண் போய்விடும் என்பதும் வெறும் பயம்.

இன்னொரு மருந்தைப் பற்றிப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளியும் புளோரைடும் சேர்ந்த ஒரு சொட்டு மருந்து, சில்வர் டயமைன் புளோரைடு. சொத்தையின் மேல் தடவினால் அது மேற்கொண்டு பரவாமல் பெரும்பாலும் நின்றுவிடும். டிரில் இல்லை, ஊசி இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதைச் சேர்த்தது. பெரிய குறை, தடவிய சொத்தை கறுத்துவிடும். "பொம்பளப் பிள்ளைக்குப் பல்லு கறுத்தா நல்லாவா இருக்கும்?" என்று சட்டென்று மறுத்துவிடுகிறோம். கடைவாயில் யார் பார்க்கப் போகிறார்கள்? நரம்பு வரை போன பல்லுக்கு இது உதவாது. ஆனால் மூன்று வயதில், நாற்காலியில் ஏறவே மறுக்கும் பிள்ளைக்கு, அது வளர்ந்து பக்குவப்படும் வரை இரண்டு வருடம் அவகாசம் வாங்கித் தரும். மருத்துவர் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

போன மாதம் என் மகனின் அந்தக் கடைவாய்ப் பல் ஆடி, இட்லி சாப்பிடும்போது விழுந்தது, ஐந்து வயதில் மாட்டிய வெள்ளிநிறக் கேப்போடு. வேர் முழுக்கக் கரைந்து, அடிப்பக்கம் காலிக் கிண்ணம்போல இருந்தது. அப்பத்தா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கா அம்புட்டு அலைஞ்ச?" என்றார். பிறகு சாணி உருண்டையில் வைத்து அவன் கையில் கொடுத்தார். வளவு முற்றத்தில் நின்று ஓட்டின் மேல் எறிந்தான். டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தேன். பல் விழுந்த பள்ளத்தில், சரியாக நடுவில், வெள்ளையாக ஒரு முனை தெரிந்தது.